வருகைப் பதிவில் மூன்றாவது பெயர்

என் தம்பி மத்தீஸ் ஹூல்ட்கிரேன் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் தோற்றதை மட்டும் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் போதுமான அளவு இருக்கிறார்கள்.

ஆறு வயதில் காதில் சீழ் வைத்து இடது காது போனது. இவனுக்கு இசை வகுப்பு கட்டாயமில்லை என்று பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள். பத்து வயதில், அதே பள்ளியின் பியானோவில் நடுவில் ஒரு கட்டையின் சுருதி லேசாக இறங்கியிருக்கிறது என்று இவன் சொன்னான். டீச்சர் சிரித்தார். அடுத்த மாதம் சுருதி சேர்க்க வந்த ஆள் அந்தக் கட்டையைத்தான் முதலில் பிரித்தான்.

எழுத்துகள் அவன் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பில் ஸ்வீடிஷ் பாடத்தை மூன்றாவது முயற்சியில் தேறினான். ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை ஏழாவது முயற்சியில் முடித்தான். 2009இல் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட ஒரே ஒரு நிரந்தர வேலை இருந்தது. நூற்று நாற்பது பேர் விண்ணப்பித்தார்கள். அது மத்தீஸுக்குக் கிடைத்தது.

2014 ஆகஸ்டில் ஓர் இசை விழாவில் போட்டி வைத்தார்கள். ஒரு பாட்டின் இரண்டே விநாடியைப் போட்டுக் காட்டுவார்கள், எந்தக் குழு, எந்த ஆல்பம் என்று சொல்ல வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு பேர் கலந்துகொண்டார்கள். மற்ற எல்லோருக்கும் இரண்டு காது. நாற்பத்தேழு பாட்டில் நாற்பத்தாறைச் சரியாகச் சொல்லி மத்தீஸ் முதலில் வந்தான். பரிசாக ஒரு டீ ஷர்ட் கொடுத்தார்கள். ஆறடி இரண்டங்குல ஆளுக்குச் சின்ன அளவு. அதை நான்தான் போட்டுக்கொண்டு ஜன்னல் துடைக்கிறேன்.

ஜெயித்தது இவ்வளவுதான். ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

நான் மரீத்தா, அவனுக்கு எட்டு வயது மூத்தவள். ஸ்வீடனில் கோதன்பர்க்கை ஒட்டிய சூர்த்தேயில், ஆற்றைப் பார்த்த ஒரே கட்டடத்தில் அவன் முதல் மாடி, நான் மூன்றாவது மாடி. அப்பா நார்வேக்கு மீன் பண்ணை வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அம்மா 2004இல் இறந்தாள். எனக்கு ஒன்பது வகுப்புப் படிப்பு. அதன்பிறகு பள்ளிச் சமையலறைதான்.

மத்தீஸ் கேட்டதெல்லாம் ஒரே வகை இசை. மெலடிக் டெத் மெட்டல். பாடுகிறவன் உறுமுவான், கிட்டார் மெட்டு வாசிக்கும். அது பிறந்த கோதன்பர்க்கில் யாருக்கும் விசேஷமில்லை. என் பல் டாக்டர் பல்லைத் துளைக்கும்போது அதைத்தான் வைத்திருப்பார். எனக்குப் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. பகல் முழுக்க முந்நூறு பிள்ளைகளின் கூச்சலில் நிற்கிறவளுக்கு வீட்டுக்கு வந்து உறுமல் கேட்க ஆசை வருமா?

"இதுல எங்கடா பாட்டு இருக்கு? ஒருத்தன் வாந்தி எடுக்கறான், பின்னாடி நாலு பேர் மரம் அறுக்கறாங்க."

"குரலை விடு மரீத்தா. கிட்டாரைக் கேளு. குரல் கோபப்படுது, கிட்டார் அழுவுது. ரெண்டும் ஒரே ஆளுதான்."

"அழறவனைத் தனியா அழ விட்டா என்ன?"

"தனியா அழுதா யாரு கேக்கறா?"

இந்த இசையில் பழையதை மட்டும் கும்பிடுகிற ஒரு கூட்டம் உண்டு. தொண்ணூறுகளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்பார்கள். பல்லவியில் உறுமலை விட்டுத் திறந்த குரலில் பாடினால் துரோகம் என்பார்கள். கீபோர்டு கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். மத்தீஸ் இன்றைய குழுக்களின் பக்கம் நின்றான். பதினெட்டு வயதிலிருந்து அவற்றைப் பற்றி இணையத்தில் எழுதினான். ஒவ்வோர் ஆல்பத்துக்கும் ஒரு பக்கம், கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். சதுரக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுவான். தலைகீழாக நிற்கும் எழுத்துகளை நேராக்கி நான் கணினியில் தட்டுவேன். பிழை திருத்த மட்டும் எனக்கு உரிமை. ஒருமுறை ஓர் இடத்தில் "மிகவும்" என்று நானாகச் சேர்த்தேன். படிக்கவே கஷ்டப்படுகிறவன், அதைப் பார்த்த கணத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

"நான் மிகவும்னு சொல்லலையே. அந்தப் பாட்டு அவ்வளவு நல்லா இல்ல."

அவன் எழுதியதில் எனக்கே மனப்பாடமாகிப்போன ஒன்று: "பல்லவியில் இவன் உறுமலை நிறுத்திவிட்டுச் சாதாரணக் குரலில் பாடுகிறான். இதைச் சமரசம் என்கிறார்கள். வீட்டில் கத்திச் சண்டை போட்டவன், கத்தி முடித்த பிறகு தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் சொல்வான் இல்லையா? எல்லோரும் பயப்படுவது அந்த வாக்கியத்துக்குத்தான். இந்தப் பல்லவி அது."

கீழே தன் பெயரைப் போடமாட்டான். "இடது காது" என்று போடுவான். ஸ்வீடிஷில் மூன்று தடவை எழுதித் தேறியவன் கட்டுரை எழுதுகிறான் என்று பழைய வகுப்புக்காரர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். அவனுக்கு இரண்டு விதிகள். ஒலிக்கு மட்டும்தான் மதிப்பெண். அட்டைப்படம், உடை, பேட்டி எதற்கும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தனக்கு வேண்டியவர்களின் ஆல்பத்தைப் பற்றி எழுதவே கூடாது. ஜெர்மனியிலிருந்தும் சிலியிலிருந்தும் அவன் எழுதுவதைப் படித்தார்கள். "இடது காது என்ன சொல்றாரு" என்று கேட்டுவிட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அந்த ஆள் சூர்த்தேயில் பெட்டி அடுக்குகிறான் என்று ஒருவருக்கும் தெரியாது.

2010 நவம்பரில் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் ஒரு புதிய குழு வாசித்தது. சாம்பல் துறைமுகம் என்று பெயர். பாட்டும் இரண்டாவது கிட்டாரும் ஸ்தெல்லான். முதல் கிட்டார் ஊலா. டிரம்ஸ் அடிப்பவன் பூரோஸிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவான். பார்க்க வந்தவர்கள் இருபத்தாறு பேர். முடிந்ததும் மத்தீஸ் மேடைக்குப் போய் ஊலாவிடம், "ரெண்டாவது பாட்டுல ரெண்டு கிட்டாரும் சேர்ந்து மேல ஏறுது. ஒண்ணு ஏறட்டும், ஒண்ணு கீழேயே நிக்கட்டும்" என்றான்.

"நீ என்ன வாசிக்கிறே?" என்று ஊலா கேட்டான்.

"ஒண்ணும் வாசிக்கல. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறேன்."

ஸ்தெல்லான் சிரித்தான். ஊலா சிரிக்கவில்லை. அங்கேயே பிளக்கை மாட்டி இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தான். பிறகு ஸ்தெல்லானைப் பார்த்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வரச் சொல்லி மத்தீஸைக் கூப்பிட்டார்கள்.

ஒத்திகை அறை ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில், போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய பதுங்கறை. ஒரு கை அகலத் தடிமனில் இரும்புக் கதவு. அதை ஒரு கல்விச் சங்கம் இலவசமாகக் கொடுத்திருந்தது. மூன்று பேர் கூடிக் கற்றால் எங்கள் நாட்டில் அது படிப்பு வட்டம், அது கூடும் ஒவ்வொரு மணிக்கும் சங்கத்துக்கு அரசு மானியம் உண்டு. தையலாகவும் இருக்கலாம், ஸ்பானிஷாகவும் இருக்கலாம், டெத் மெட்டலாகவும் இருக்கலாம். ஆனால் மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவர் வட்டத் தலைவராகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், மாதா மாதம் வருகைப் பதிவில் தலைவர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். டிரம்ஸ்காரனை நம்ப முடியாது. அதனால் பதிவில் மூன்றாவது பெயராக மத்தீஸ் சேர்ந்தான். தலைவர் பயிற்சி ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. மற்ற இருவரும் எழுந்திருக்கவில்லை. இவன் போனான். இலவங்கப்பட்டை பன் இரண்டு தின்றுவிட்டு, தலைவனாகத் திரும்பி வந்தான். 2011 செப்டம்பர் அது.

முதல் மாதப் பதிவை நிரப்ப அவன் உட்கார்ந்தபோது நான் அங்கே இருந்தேன். அவன் மறந்து வைத்துவிட்டுப் போன ராத்திரிச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போயிருந்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு தேதிக் கட்டங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தான். ஸ்தெல்லான் தோளில் தட்டினான்.

"கொடுடா இங்க. நீ எழுதி முடிக்கறதுக்குள்ள எங்களுக்குப் பென்ஷன் வந்துடும்."

"தலைவர்தான் போடணும்னு சொன்னாங்க."

"நீதான் தலைவர். நான் உன் செகரட்டரி. தலைவர் எல்லாம் தானே எழுதுவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எழுதக் கஷ்டப்படுகிற பிள்ளைக்கு ஒருவன் உதவுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஸ்தெல்லான் பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தான், படிவங்கள் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சாய்ந்த அழகான எழுத்தில் "மத்தீஸ் ஹூல்ட்கிரேன்" என்று போட்டான். அதைப் பார்த்து மத்தீஸ், "என் பேரு இவ்வளவு நல்லாவா இருக்கும்?" என்றான்.

அடுத்த ஏழு வருடம் வெள்ளிக்கிழமை ஆறிலிருந்து ஒன்பது வரை அவன் அந்த அறையில் இருந்தான். நல்ல காது அவர்கள் பக்கம் இருக்கும்படி சுவரோரம் ஒரு பீர்ப் பெட்டியின் மேல் உட்காருவான். கிட்டாரைத் தொடமாட்டான். வாயால் முனகிக் காட்டுவான், ஊலா அதை விரலில் பிடிப்பான். எங்கே உறுமல் நிற்க வேண்டும், எங்கே ஒரு சுரம் ஒரு தட்டு முன்னால் வர வேண்டும், எந்தப் பாட்டில் எட்டு வரி வீண் என்று சொல்வான். ஸ்தெல்லான் எரிச்சல்படுவான். அடுத்த வாரம் அவன் சொன்னபடியே வாசிப்பான். "அவன் சொல்றதைக் கேட்டா பாட்டு கிடைக்குது. கேக்கலைன்னா சத்தம்தான் கிடைக்குது" என்று ஊலா என்னிடமே சொன்னான். இதைச் சொன்ன இடம், எங்கள் கட்டடத்தின் துணி துவைக்கும் அறை. நாள், 2016 பிப்ரவரி. எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது.

மூன்றாவது ஆல்பம் 2018 செப்டம்பரில் வந்தது. எட்டுப் பாட்டு. அதில் ஐந்தின் பிரதான மெட்டு மத்தீஸ் முனகியது. அந்த ஐந்தையும் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் இறங்கும்போது அவன் முனகி நான் கேட்டிருக்கிறேன். ஜப்பானில் விற்றது, ஜெர்மனியில் பெரிய விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அட்டையைப் பிரித்து நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இசை: ஸ்தெல்லான், ஊலா. நன்றி: எங்களை நம்பிய அனைவருக்கும்.

மத்தீஸ் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். மேடை வேண்டாம், பங்கு வேண்டாம், அட்டையில் பெயர் வேண்டும். எந்த மாதிரி ஆல்பங்களைப் பதினைந்து வருடமாக ஒற்றைக் காதில் வைத்துத் தாங்கினானோ, அந்த மாதிரி ஒன்றில் சின்ன எழுத்தில் தன் பெயர். அதை அவன் ஸ்தெல்லானிடம் போனில் கேட்டபோது நான் பக்கத்தில் பட்டாணி சூப் கிளறிக்கொண்டிருந்தேன்.

"அச்சுக்குப் போற அவசரத்துல விட்டுப்போச்சுடா. அடுத்த பதிப்புல கண்டிப்பா" என்று ஸ்தெல்லான் சொன்னது அடுப்படி வரை கேட்டது.

2019 ஜனவரியில் கல்விச் சங்கங்களின் கணக்குகளைத் தோண்ட ஆரம்பித்தார்கள். நாடு முழுக்க இல்லாத வட்டங்களுக்கு மானியம் போயிருக்கிறது என்று செய்தி வந்திருந்தது. பிப்ரவரியில் மத்தீஸுக்குக் கடிதம் வந்தது. வட்டத் தலைவர் நேரில் வந்து விளக்க வேண்டும்.

கடிதம் வந்த இரண்டாம் நாள் மாலை, மத்தீஸ் மேலே என் வீட்டில் இருந்தபோது ஸ்தெல்லான் அங்கே வந்தான். ஏழு வருடத்தில் முதல் முறை. கையில் பச்சை நிறப் பாதாம் மார்சிபன் போர்த்திய பெரிய கேக்.

"யாருக்குப் பிறந்த நாள்?" என்று கேட்டேன்.

"சும்மா, காபிக்கு."

உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். பதிவுகளை ஒவ்வொரு வெள்ளியும் அவன் நிரப்பவில்லை. பருவத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எல்லா வெள்ளிக்கிழமைக்கும் மொத்தமாக டிக் அடித்துவிடுவான். ஒத்திகை இல்லாத வெள்ளிக்கும்.

"கையெழுத்து நான் போட்டதுன்னு தெரிஞ்சா அது வேற கேஸ், மத்தீஸ். காப்பீட்டு ஆபீஸ்ல எனக்கு வேலை போயிடும். ஜெர்மனி விழாவும் போயிடும். நீ போட்டதுன்னா வெறும் கவனக்குறைவு. ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்."

"அவன் பேர்ல நீ கையெழுத்துப் போட்டே. இப்ப அவன் உன் தப்பையும் சுமக்கணுமா?" என்றேன்.

"நான் உன்கிட்ட பேசல, மரீத்தா."

"என் நாற்காலியில உட்கார்ந்துதான் பேசறே."

அவன் மத்தீஸ் பக்கம் திரும்பிக்கொண்டான். "அடுத்த பதிப்பு அக்டோபர்ல. முதல் பக்கத்துல உன் பேரு. சத்தியமா." மத்தீஸ் கேக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "முதல் பக்கம் வேண்டாம். பாட்டு லிஸ்டுக்குக் கீழ போதும்" என்றான்.

சங்க அலுவலகத்துக்கு நானும் போனேன், காகிதங்களைப் படித்துச் சொல்ல. விசாரித்த பெண்மணியின் பெயர் குன்னெல். எங்கள் ஊரில் அதிகாரியும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், நீ என்றுதான் பேசுவார். அதனால் கெட்ட செய்தியும் சினேகிதர் சொல்வது போலவே வரும். காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு எண்பத்தெட்டு மாதத் தாள்களை மேசையில் வைத்தார். ஒன்றை உருவினார்.

"2018 ஜூன். வெள்ளிக்கிழமை ஒண்ணாம் தேதி, எட்டு, பதினஞ்சு, இருபத்திரண்டு, இருபத்தொம்பது. அஞ்சும் டிக் அடிச்சிருக்கு. மத்தீஸ், இருபத்திரண்டு என்ன நாள்?"

மத்தீஸ் கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தான்.

"மிட்சம்மர் மாலை. மொத்த ஸ்வீடனும் புல்வெளியில கம்பத்தைச் சுத்தி ஆடிட்டு இருக்கு. நீங்க மூணு பேரும் பதுங்கறையில இரும்புக் கதவைச் சாத்திட்டுப் படிச்சீங்களா?" அவருக்கே சிரிப்பு வந்தது. "இருபத்தாறு வருஷ வேலையில மிட்சம்மர் அன்னிக்கு நடந்த ஒரு படிப்பு வட்டத்தை நான் பார்த்ததில்ல. ஏழு வருஷத்துல ஏழு தடவை நடத்தியிருக்கீங்க."

ஸ்தெல்லானுக்குக் காலண்டர் தெரியும். மிட்சம்மர் மாலை எப்போதும் வெள்ளிக்கிழமைதான் வரும் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கோடு போட்ட கட்டங்களைப் பார்த்தால் அவன் கை நின்றதில்லை.

அந்த நாள் மத்தீஸ் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியும். லீசெஷிலில் சித்தி வீட்டில் இருந்தான். பதினேழு பேர், மழை, கூடாரத்துக்குள் ஊறுகாய் மீனும் புது உருளைக்கிழங்கும். அவன் தட்டில் நான்தான் கிழங்கு வைத்தேன்.

குன்னெல் தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். குரல் மாறியிருந்தது.

"இந்தக் கையெழுத்து உன்னோடதா? வேற யாராவது போட்டிருந்தா இப்பவே சொல்லிடு. நான் கேக்கறது உன் நல்லதுக்குத்தான்."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவன் ஷூ என் ஷூவின் மேல் வந்து அழுத்தியது. கிடங்கில் போடுகிற இரும்பு முனை ஷூ.

"என்னோடதுதான்" என்றான்.

"மிட்சம்மர் அன்னிக்கும்?"

"எனக்கு வேற போற இடம் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் காபிக் கோப்பையைப் பார்த்தேன். இதுவரை நான் எழுதியதில் எனக்கு வெட்கமான இடம் இது ஒன்றுதான். என் தம்பிக்குப் போக இடமில்லை என்று எழுதிக்கொள்ள விட்டுவிட்டேன். அவர் அதைக் கணினியில் தட்டினார்.

எச்சரிக்கையோடு முடியவில்லை. இனி எந்த வட்டத்திலும் அவன் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கக் கூடாது என்று முடிவானது. அறிக்கை நகராட்சிக் கலாசாரக் குழுவுக்குப் போனது. அங்கே போன காகிதம் எல்லாம் பொதுச் சொத்து, யார் கேட்டாலும் கொடுப்பார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். "மிட்சம்மரிலும் படித்த டெத் மெட்டல் தலைவர்" என்று போட்டார்கள், முழுப் பெயரோடு. மத்தீஸின் பெயர் முதன்முதலில் அச்சில் வந்தது அப்படித்தான். கிடங்கில் அவன் வண்டியில் யாரோ சின்ன மிட்சம்மர் கம்பம் செய்து ஒட்டியிருந்தார்கள், காகிதப் பூவோடு. இரண்டு நாள் அதோடேயே ஓட்டினான்.

சாம்பல் துறைமுகத்துக்குக் கோதன்பர்க்கில் வேறு அறை கிடைத்தது. ஊலா தலைவர் பயிற்சிக்குப் போனான். உறுப்பினராக இருக்கக் கூடாதவன் அறையில் இருப்பது சரியில்லை என்று ஸ்தெல்லான் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான். வெள்ளிக்கிழமை ஆறு மணி ஆனால் மத்தீஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரை வரை போய்விட்டுத் திரும்பி வருவான்.

"வெளிய ரொம்பக் குளிரா?" என்பேன்.

"காத்து ஒரு சுரத்துலயே நிக்குது. சலிப்பா இருக்கு" என்பான்.

அக்டோபர் இறுதியில் இரண்டாம் பதிப்பு வந்தது. அவனுக்குத் தெரியாமல் நான் முதலில் வாங்கினேன். இந்தத் தடவை நன்றிப் பட்டியல் நீளமாக இருந்தது. பேருந்தில் உட்கார்ந்து விரல் வைத்து எண்ணினேன். முப்பத்தொரு பெயர். ஸ்தெல்லானின் காதலி, அவளுடைய அப்பா, கேபிள் விற்ற கடை, பூரோஸ் டிரம்ஸ்காரனின் பல் டாக்டர். முப்பத்தொன்றாவது சிக்ஸ்தேன். அது ஊலாவின் நாய்.

மறுநாள் கடையில் பாலாடைக்கட்டி வைத்திருக்கும் இடத்தில் ஊலாவைப் பிடித்தேன்.

"நாய் பேர் இருக்கு."

"மரீத்தா..."

"இல்ல, கேக்கறேன். நாய் எப்படி வந்துச்சு?"

"சிக்ஸ்தேன் எல்லா ஒத்திகைக்கும் வருவான். அதான் தமாஷுக்கு..."

"மத்தீஸ் வரலையா?"

அவன் ஒரு கட்டியை எடுத்து, விலையைப் பார்த்து, வைத்துவிட்டு, மறுபடி எடுத்தான்.

"நான் எழுதிக் கொடுத்தேன் மரீத்தா. ஸ்தெல்லான் எடுத்துட்டான். இப்ப வெளிநாட்டுல எல்லாம் நம்மளத் தேடிப் பாக்கறாங்க. அட்டையில அந்தப் பேரு இருந்தா அதையும் தேடுவாங்க. தேடினா அந்தப் பத்திரிகைச் செய்திதான் வரும். மானியத்தை ஏமாத்தினவன் நம்ம ஆளுன்னு ஆயிடும்னு சொன்னான்."

"ஏமாத்தினது யாரு?"

"மெதுவா பேசு. ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். யாரு ஏமாத்தினது?"

"என்னால என்ன பண்ண முடியும், சொல்லு."

"தலைவர் நீதானே இப்ப. கையெழுத்தாவது நீயே போடறியா?"

அவன் முகம் சிவந்துபோனது. பாலாடைக்கட்டியை எடுக்காமலே போய்விட்டான். அவர்களுக்காக மத்தீஸ் சுமந்த பழியே அவன் பெயரை எடுத்துவிடக் காரணம் ஆனது. இதை மத்தீஸிடம் எப்படிச் சொல்வது என்று ஆறு நாள் யோசித்தேன். ஏழாம் நாள் மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு இறங்கி, அட்டையை அவன் மேசையில் வைத்து, ஊலா சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

பட்டியலை அவன் மெதுவாகப் படித்தான். முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் நாய் பெயர் வந்ததும் சிரித்தான்.

"நல்ல நாய்தான். உறுமல் சரியான இடத்துல வரும்."

"சிரிக்காதே. குன்னெல்கிட்ட போலாம். நான் சாட்சி சொல்றேன். பதினேழு பேர் சாட்சி சொல்வாங்க."

"சொல்லி? ஸ்தெல்லானுக்கு வேலை போகும். குழு உடையும். அந்த அஞ்சு பாட்டையும் யாரு வாசிப்பா?" அட்டையை மூடி வைத்துவிட்டு, "நான் இப்ப அவங்க ஆளு இல்ல, இல்லையா?" என்றான்.

"எப்பவும் இல்லன்னு ஆக்கிட்டாங்க."

"அப்போ எழுதலாம். விதிப்படி தப்பில்ல."

நோட்டை எடுத்தான். நான்கு நாள் எழுதினான். பாட்டு எட்டையும் எத்தனை முறை கேட்டான் என்று தெரியாது, என் தரை வழியாக எனக்கும் கேட்டது. அவன் எழுதியதைத் தட்ட உட்கார்ந்தபோது திட்டியிருப்பான் என்று எதிர்பார்த்தேன். ஒரு வரி திட்டு இல்லை. ஸ்தெல்லானின் குரலைப் பற்றி, "இந்த வருடம் நான் கேட்ட உறுமல்களில் இதற்குத்தான் உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான்" என்று எழுதியிருந்தான். மூன்றாவது பாட்டைப் பற்றி இப்படி: "மேல் கிட்டார் படிப்படியாக இறங்குகிறது. கீழ்க் கிட்டார் ஒரே சுரத்தில் நிற்கிறது. இறங்குகிறவன் போகட்டும், நான் இங்கே இருக்கிறேன் என்று நிற்கிறது. இன்றைய மெலடிக் டெத் மெட்டலால் என்ன முடியும் என்று கேட்பவருக்கு இந்த நாற்பது விநாடியைப் போட்டுக் காட்டுங்கள்."

"இது நீ போட்டது. நான் படிக்கட்டுல கேட்டேன். அதை எழுதுடா."

"நான் போட்டதுன்னு எழுதினா, நல்லா இருக்குன்னு எழுத முடியாது மரீத்தா. ரெண்டுல ஒண்ணுதான். நல்லா இருக்கறது முக்கியம்."

கடைசிப் பத்தியில் மதிப்பெண். அதற்குமுன் அறுநூற்றுப் பதின்மூன்று ஆல்பங்களுக்கு எழுதியிருக்கிறான், ஒன்றில்கூட ஒலியைத் தவிர வேறெதற்கும் குறைத்ததில்லை. இதில் இப்படி இருந்தது: "ஒலிக்குப் பத்துக்குப் பத்து. கொடுப்பது ஒன்பது. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், அட்டையில் உள்ள பெயர்ப் பட்டியல் முழுமையாக இல்லை."

தட்டி முடித்துவிட்டு, பழக்கத்தில் கீழே "இடது காது" என்று அடிக்கப் போனேன்.

"இரு" என்றான். நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பென்சிலை வைத்துவிட்டு என் கையிலிருந்த பேனாவை வாங்கினான். ஒவ்வோர் எழுத்தையும் முதலில் காற்றில் வரைந்து பார்த்துவிட்டுக் காகிதத்தில் வைத்தான். இரண்டு எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறியது, கடைசி எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கியது. எண்பத்தெட்டுத் தாளில் இருந்த சாய்ந்த அழகான கையெழுத்துக்கும் இதற்கும் ஒட்டோ உறவோ இல்லை. அதைப் படம் எடுத்து அப்படியே கட்டுரையின் கீழே போடச் சொன்னான். போட்டேன்.

ஒரு வாரத்துக்குள் முந்நூறுக்கு மேல் பதில்கள் வந்தன. மானியத் திருடன்தான் இடது காதா என்று பாதிப்பேர் கேட்டார்கள். மீதிப்பேர் இனி இவன் எழுதுவதைப் படிக்கப்போவதில்லை என்றார்கள். ஸ்தெல்லானிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மத்தீஸ் எல்லாவற்றையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டான், ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை, கட்டுரையை எடுத்துவிடவும் இல்லை. இன்றும் அது அங்கேயே இருக்கிறது.

என் தம்பி தான் எழுதிய ஒன்றின் கீழே, தன் சொந்தக் கையால், தன் பெயரை முதன்முதலில் போட்ட நாள்: 2019 நவம்பர் 8.